74 பீரங்கிக் கப்பலை பிளாஸ்டிக்கில் கட்டுதல்

பாய்மரப் போர்க்கப்பலின் பிளாஸ்டிக் கிட்டில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. கப்பலின் உடல், தளம், பீரங்கி, பின்முனைச் சிற்பங்கள் ஆகியவற்றை அச்சு வார்த்துத் தருகிறது. அவற்றை ஒட்டிச் சாயம் பூசினால் போதும். கயிறு, பாய், மெல்லிய பாய்மரம் ஆகியவற்றில் அச்சு தோற்றுப்போகிறது. அங்கே கட்டுபவரின் கைதான் வேலை செய்தாக வேண்டும். கார், விமான மாதிரிகளில் தேர்ந்த பலர் கப்பல் கிட்டைப் பாதியில் மூடி வைத்துவிடுவதற்குக் காரணம் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறியாததுதான். கிட்டைத் திறந்த நாளிலேயே அச்சு தந்தது எது, தராதது எது என்று பிரித்துப் பார்ப்பவர் கப்பலை முடித்துவிடுவார்.

இந்தப் பிரிப்பு வாலாஜாபாத் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு எளிது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளிலும் கார் உதிரிபாகம் வார்க்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் கூடங்கள் நிறைய உண்டு. ரன்னர், கேட், ஃப்ளாஷ், சிங்க் மார்க், எஜெக்டர் பின் என்பவை அங்கே அன்றாடம் புழங்கும் சொற்கள். கிட் துண்டுகளும் அதே முறையில்தான் வார்க்கப்படுகின்றன. பொருள் மட்டும் வேறு: கார் பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், கிட் பாலிஸ்டைரீன்.

இந்த ஊருக்கும் பாய்மரப் போர்க்கப்பலுக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. வாலாஜாபாத்தை ஒட்டி ஓடும் பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது. அதற்குச் சற்று வடக்கே, டச்சுக் கோட்டை இன்றும் நிற்கும் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் கடற்படையும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கடற்படையும் மோதின. ஐரோப்பியர் அதைச் சாட்ராஸ் போர் என்பார்கள். வெற்றி தோல்வி தெளிவாக முடிவாகவில்லை. இதே இருவரும் அதே ஆண்டு ஏப்ரல் 12-இல் இலங்கையின் கிழக்குக் கரையிலும், ஜூலை 6-இல் நாகப்பட்டினத்துக்கு வெளியிலும், செப்டம்பர் 3-இல் திருகோணமலையிலும், 1783 ஜூன் 20-இல் கடலூரிலும் மீண்டும் மோதினார்கள். இரு தளபதிகளின் தலைமைக் கப்பல்களும் 74 பீரங்கி கொண்டவை: சுஃப்ரனுடையது எரோ, ஹியூஸுடையது சூப்பர்ப். நம் கரையில் போரிட்ட கப்பல் வகையைக் கட்ட விரும்புகிறவர் 74 பீரங்கிக் கப்பலைத் தேர்ந்தெடுக்க இது போதுமான காரணம். இந்த அத்தியாயம் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

கப்பலைத் தேர்ந்தெடுத்தல்

பிளாஸ்டிக்கில் கிடைக்கும் 74 பீரங்கிக் கப்பல்களில் பெயர்பெற்றவை பிரான்ஸின் ஹெல்லர் நிறுவனம் 1/150 அளவில் வெளியிட்ட சூப்பெர்ப், குளோரியு ஆகிய இரண்டு கிட்டுகள். இரண்டுக்கும் உடல் அச்சு ஒன்றே, அலங்காரத்தில்தான் வேறுபாடு. பெயர் ஒற்றுமையால் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. ஹெல்லரின் சூப்பெர்ப் 1784-இல் கடலில் இறக்கப்பட்ட பிரெஞ்சுக் கப்பல். சதுரங்கப்பட்டினத்தில் போரிட்ட ஆங்கிலக் கப்பல் சூப்பர்ப் வேறு. எரோவும் அதுவல்ல, எரோ அதற்கு முந்தைய வடிவமைப்பு. ஆனாலும் வகை ஒன்று, நாடு ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று. சுஃப்ரனின் கப்பல் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட இதைவிட நெருக்கமான பெட்டியைத் தேடி அலைவது வீண் வேலை.

சூப்பெர்ப், பொறியாளர் சானே வரைந்த தெமெரேர் வகையைச் சேர்ந்தது. அந்த ஒரே வரைபடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் 100-க்கும் மேற்பட்ட கப்பல்களைக் கட்டினார்கள். கீழ்த் தளத்தில் 36 பவுண்டு குண்டு வீசும் பீரங்கிகள் 28, மேல் தளத்தில் 18 பவுண்டு 30, அதற்கு மேலே திறந்த தளங்களில் 8 பவுண்டு 16 – ஆக 74. உடலின் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். 150-ஆல் வகுத்தால் 37 சென்டிமீட்டர். அணியத்தில் முன்னோக்கி நீளும் மரத்தையும் பருமல்களையும் சேர்த்தால் மேசையில் அரை மீட்டருக்கும் மேல் பிடிக்கும். கிட் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வது அவசியம்; முடித்த கப்பலை வைக்க இடம் இல்லாமல் பரண்மேல் ஏற்றி அழித்தவர்கள் உண்டு.

(மீனவர் பேச்சில் முன்முனை அணியம், பின்முனை அமரம். அடிமரம் ஏரா. பாய் கட்டும் குறுக்கு மரத்துக்குப் பருமல் என்பது பழைய பெயர். இந்தச் சொற்களே இங்கு ஆளப்படுகின்றன. தமிழில் வழக்கு இல்லாத இடத்தில் மட்டும் ஷ்ரவுட், ஸ்டே போன்ற கடற்சொற்கள் அப்படியே வரும்.)

முதல் கப்பலாகவே 74 பீரங்கியை எடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலப் போர்க்கப்பல் விக்டரிக்கு ஏர்ஃபிக்ஸின் 1/180, ரெவெலின் 1/225 போன்ற சிறிய கிட்டுகளில் கயிற்று வேலை குறைவு; கை பழகும். ஹெல்லரின் 1/100 விக்டரி 2000-க்கும் மேற்பட்ட துண்டுகள் கொண்டது. அதை மூன்றாவது அல்லது நான்காவது கப்பலாக வைத்துக்கொள்வதே நல்லது. ரெவெலின் 1/96 யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷனும் அப்படியே. இந்தக் கப்பலுக்கு ஓர் இந்தியக் கதை உண்டு. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டவிருந்த ஒரு ஃப்ரிகேட்டின் வரைபடங்கள் ஜாவா என்ற ஆங்கிலக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. 1812 டிசம்பரில் கான்ஸ்டிடியூஷன் ஜாவாவைத் தாக்கி அழித்தது, வரைபடங்களும் போயின. மறுபடி வரைந்து அனுப்பிய பிறகு கட்டப்பட்ட கப்பல் 1817 அக்டோபர் 12-இல் பம்பாயில் கடலில் இறங்கியது. திருகோணமலையின் பெயர் தாங்கிய அந்த எச்.எம்.எஸ். டிரிங்கோமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. கயிறு, கப்பி, தளம் ஆகியவற்றின் நிழற்படம் தேடுகிறவர்களுக்கு அதுவும், போர்ட்ஸ்மத்தில் 1922 முதல் உலர்துறையில் நிற்கும் விக்டரியும், பாஸ்டனில் உள்ள கான்ஸ்டிடியூஷனும் நேரடிச் சான்றுகள். பிரெஞ்சு 74-க்கு அப்படி உயிருடன் நிற்கும் கப்பல் இல்லை. ழான் புத்ரியோ 1970-களில் நான்கு தொகுதிகளாக எழுதிய நூலே அடிப்படை.

அச்சின் குணம்

பெட்டியைத் திறந்ததும் துண்டுகளை, அவை பிணைந்திருக்கும் ரன்னர் சட்டத்திலிருந்து பிய்க்கக் கூடாது. முதலில் ரன்னரோடு சேர்த்து, பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து துண்டு எளிதாகக் கழன்று வருவதற்காகத் தெளித்த எண்ணெய்ப் பூச்சு மேலே தங்கியிருக்கும். அதன்மேல் சாயம் ஒட்டாது.

கழுவும்போதே குறைகளைப் பார்த்து வைக்கலாம். ஹெல்லரின் பாய்மரக் கப்பல் அச்சுகள் பல பத்தாண்டுப் பழையவை. அச்சின் இரு பாதிகள் தேய்ந்து இடைவெளி விழுந்த இடத்தில் பிளாஸ்டிக் மெல்லிய சவ்வாக வழிந்திருக்கும்; அதுதான் ஃப்ளாஷ். கப்பி, ஏணி, சாளரச் சட்டம் போன்ற சிறு துண்டுகளில் இது அதிகம். கத்தியால் வெட்டுவதைவிட, கத்தி முனையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுவது பாதுகாப்பானது. தடித்த இடங்களுக்குப் பின்னால் விழும் குழி சிங்க் மார்க். அச்சிலிருந்து தள்ளிய பின்களின் வட்டத் தடம் தளத்தின் அடிப்பக்கத்தில் இருந்தால் கவலை இல்லை. மேல் தளத்தின் பக்கச் சுவர்களின் உட்புறத்தில் இருந்தால் நிரப்பித் தேய்க்க வேண்டும், ஏனெனில் முடித்த கப்பலைப் பார்ப்பவர் மேலிருந்துதான் பார்க்கிறார்.

மோல்டிங் தெரியாதவர் கவனிக்கத் தவறும் குறை ஒன்று உண்டு. உடலின் ஒரு பாதியை வார்க்கும் அச்சு பக்கவாட்டில் திறக்கிறது. திறக்கும் திசைக்கு நேராக இருக்கும் நடுப்பகுதியில் பலகை வரிகளும் பீரங்கித் துளைகளும் கூர்மையாக விழுகின்றன. அணியத்திலும் அமரத்திலும் உடல் வளைந்து திரும்புகிறது. அங்கே அச்சு உரசாமல் கழல வேண்டும் என்பதற்காக விவரங்கள் மழுங்க விடப்படுகின்றன. பலகை வரிகள் ஏராவை நெருங்க நெருங்கத் தேய்ந்து காணாமல் போவதும் இதனால்தான். ஊசி முனையாலும் வளையும் எஃகு ஸ்கேலாலும் அந்த வரிகளை மறுபடி கீறிவிட்டால் கப்பலின் முகமே மாறும். ஒரு மாலை நேர வேலை. மொத்தக் கிட்டிலும் செலவழிக்கும் நேரத்துக்கு இதைப்போலப் பலன் தரும் இடம் வேறில்லை.

துண்டைக் கழற்றும்போது சைடு கட்டரால் இரண்டு முறை வெட்ட வேண்டும். முதல் வெட்டு துண்டிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டாவது ஒட்டி. ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் அழுத்தம் துண்டுக்குள் பாய்ந்து வெண்தழும்பு விழும். மிச்சத்தை 400 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். எந்த டிங்கரிங் கடையிலும் கிடைக்கும் தாள்தான்.

உடலை ஒட்டுதல்

37 சென்டிமீட்டர் நீளப் பாதிகள் பெட்டியிலேயே கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் வரும். ஒட்டாமல் சேர்த்துப் பிடித்து, மாஸ்கிங் டேப் சுற்றி, தளங்கள் உள்ளே உட்காருகின்றனவா என்று பார்ப்பது முதல் படி. முறுக்கு இருந்தால் வெந்நீரில் முக்கி நிமிர்த்தலாம் என்று சிலர் சொல்வதுண்டு. நீண்ட பாதிகளில் அது ஒரு வளைவை நீக்கி இன்னொன்றை உண்டாக்கும். அதைவிட, உட்புறத்தில் ஏராவின் நீளத்துக்கு 1 மி.மீ. பாலிஸ்டைரீன் தகட்டுத் துண்டுகளை நாலைந்து இடத்தில் ஒரு பாதியில் மட்டும் ஒட்டி, மறு பாதி அவற்றின்மேல் வந்து உட்காரும்படி செய்வது நிலையான வழி.

ஒட்டும் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றாக்கும் பிளாஸ்டிக் சிமென்ட். சூப்பர் குளூ இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், ஒன்றாக்காது. பின்னாளில் கயிறுகளின் இழுவையில் விரிசல் விடும். அணியத்திலிருந்து தொடங்கி, ஏராவின் வழியாக ஒரு சாண் ஒரு சாணாக ஒட்டிக்கொண்டு அமரத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சாணுக்கும் அரை மணி நேரம். முழுவதும் ஒட்டிய பிறகு ஒரு நாள் தொடாமல் வைக்க வேண்டும். தளங்களை எப்போது உள்ளே வைப்பது என்பது கிட்டுக்குக் கிட்டு வேறுபடும். தாளில் உள்ள வரிசையை இந்த ஒரு விஷயத்தில் மீறக் கூடாது.

இணைப்பில் விழும் இடைவெளிக்குக் கடையில் வாங்கும் புட்டியைவிட நல்லது கிட்டிலேயே இருக்கிறது. ரன்னரைப் பொடிப்பொடியாக நறுக்கி, சிமென்ட் பாட்டிலின் அடியில் மிஞ்சிய திரவத்தில் ஊறவைத்தால் ஓரிரு நாளில் குழம்பாகும். அதே பொருள், அதே கடினம். தேய்க்கும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு சமமாகத் தேயும். ஊறவைக்கும் பாட்டில் காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

கீழ்த் தளப் பீரங்கிகள் பல கிட்டுகளில் முழு வண்டியோடு வருவதில்லை. துளைக்குள் செருகும் குழாய் மட்டும்தான். அவற்றைச் செருகும் முன் உட்புறத்துக்குக் கறுப்பு பூச வேண்டும். இல்லாவிட்டால் துளை வழியாகப் பிளாஸ்டிக்கின் பழுப்பு தெரியும். ஒவ்வொரு குழாயின் வாயையும் பின் வைஸில் மாட்டிய மெல்லிய டிரில்லால் குடைவது சலிப்பான வேலை. ஆனால் வாய் மூடிய பீரங்கியோடு நிற்கும் போர்க்கப்பல் பொம்மையாகவே தெரியும்.

நிறம்

தொழிற்பேட்டை வட்டாரத்தில் கார் பெயிண்ட் எளிதில் கிடைக்கிறது என்பதால் பலர் அதையே நேராகப் பூசிக் கப்பலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். என்.சி. தின்னர் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். பலகை வரிகள் உருகி மழுமழுவென்று ஆகிவிடும். அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. கார் பிரைமர் ஸ்ப்ரேயைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், ஒரு ரன்னர் துண்டில் சோதித்த பிறகு, 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பறக்கும்போதே பாதி உலரும்படி மெல்லிய தூவலாக இரண்டு மூன்று முறை அடிக்கலாம். ஐசோசயனேட் கலந்த 2கே பெயிண்டை வீட்டுக்குள் தொடவே கூடாது. அக்ரிலிக் சாயம்தான் கப்பலுக்கு ஏற்றது. கைவினைக் கடைகளில் விற்கும் அக்ரிலிக்கூடப் பிரைமர்மேல் நன்றாகப் பிடிக்கும். வெறும் பிளாஸ்டிக்கில் தோலுரியும்.

1782-இன் கப்பலுக்கு எந்த நிறம்? பெட்டிப் படத்தை நம்பி இறங்குவது தவறு. பீரங்கி வரிசைகளை மஞ்சளாகவும், துளை மூடிகளைக் கறுப்பாகவும் பூசிக் கட்டம் போட்டதுபோல் தெரியும் பாணி பிந்தைய ஆங்கிலத் தளபதி நெல்சனின் காலத்தது; சுஃப்ரனும் ஹியூஸும் மோதியபோது அது இல்லை. அப்போது பக்கங்கள் எண்ணெயிட்ட மரத்தின் மஞ்சள் பழுப்பு. தடித்த இடுப்புப் பலகைகள் தார் பூசிய கறுப்பு. துளை மூடிகள் சுற்றியுள்ள பலகையின் நிறமே. உட்சுவர்களும் பீரங்கி வண்டிகளும் காவிச் சிவப்பு. அறிஞர்களே நிறத்தில் தடுமாறியதுண்டு. 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கி 1961-இல் தூக்கப்பட்ட ஸ்வீடனின் வாசா கப்பலின் பின்முனை நீலம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. சாயத் துணுக்குகளை ஆராய்ந்த பிறகு சிவப்பு என்று தெரிந்தது. விக்டரியின் மஞ்சளும் 2015-இல் வெளிர்ந்த இளஞ்சிவப்புச் சாயலுக்கு மாற்றப்பட்டது. ஆகவே பழைய கிட்டின் நிறத் தாளைப் புதிய ஆய்வோடு ஒப்பிட்ட பிறகே தூரிகை எடுக்க வேண்டும்.

நீர்மட்டத்துக்குக் கீழே என்ன நிறம் என்பது 1782-ஐப் பொறுத்தவரை வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. வெப்பக் கடலில் கப்பல் புழு மரத்தைத் துளைக்கும்; பாசியும் சிப்பியும் படிந்து வேகம் குறையும். ஆங்கிலக் கடற்படை அந்த ஆண்டுகளில்தான் கப்பல்களின் அடிப்பகுதி முழுவதும் செம்புத் தகடு அடிக்கத் தொடங்கியிருந்தது. சுஃப்ரனின் கப்பல்களில் சிலவற்றுக்கு மட்டுமே தகடு இருந்தது. தகடு இல்லாதவை பின்தங்கின, வரிசை கலைந்தது. மாதிரியில் இந்த வேறுபாட்டைக் காட்டலாம். தகடில்லாத கப்பலின் அடி, கொழுப்பும் கந்தகமும் குங்கிலியமும் கலந்து பூசிய அழுக்கு வெள்ளை. தகடடித்த கப்பலின் அடி பளபளக்கும் செம்பு அல்ல. குத்துவிளக்கைத் தேய்க்காமல் விட்டால் வரும் பழுப்பு, நீர்மட்டத்தின் அருகே கொஞ்சம் பச்சை. ஆங்கிலத் தகடு 4 அடிக்கு 14 அங்குலம்; 1/150-இல் 8 மி.மீ.க்கு 2.4 மி.மீ. தகடு தகடாக வெட்டி ஒட்ட வேண்டிய அவசியமில்லை. கூர்முனையால் கோடு கீறி, தகட்டுக்குத் தகடு நிறத்தைக் கொஞ்சம் மாற்றினாலே கண் நம்பிவிடும்.

தளம் பழுப்பு அல்ல. வெயிலும் உப்புநீரும் நாள்தோறும் தேய்க்கும் கல்லும் சேர்ந்து பலகையை வெளிறிய சாம்பலாக்கிவிடும். வெளிர் சாம்பல் மஞ்சளைப் பூசி, நீர்த்த பழுப்பை வரிகளில் ஓடவிட்டுத் துடைத்தால், கலப்பத்து அடித்த இடைவெளிகள் தெரியும். முழுக் கறுப்பை எங்குமே பூசக் கூடாது. இந்தச் சிறு அளவில் அது ஓட்டை போலத் தெரியும். அடர் சாம்பல் போதும்.

பாய்மரங்கள்

இங்கேதான் அச்சின் எல்லை தொடங்குகிறது. பாலிஸ்டைரீனில் வார்த்த 3 மி.மீ. பாய்மரம் கயிறு கட்டியதும் வில்லாக வளையும். கயிறுகளை எவ்வளவு இறுக்கினாலும், எதிர்ப்பக்கம் தளர்ந்து தொங்குவது இதனால்தான். கட்டுபவரின் கைக்குறை அல்ல.

இரண்டு பாதியாக வரும் கீழ்ப் பாய்மரத்துக்குள் சைக்கிள் ஸ்போக் ஒன்றை வைத்து ஒட்டினால் கம்பியின் உறுதி வந்துவிடும். 2 மி.மீ. எஃகு, விலையும் அற்பம். உட்குழிவு இல்லாத மேல் துண்டுகளை அப்படியே விட்டுவிட்டு, அளவெடுத்து மூங்கில் குச்சியிலோ பித்தளைக் கம்பியிலோ புதிதாகச் செய்வது நல்லது. மூங்கிலை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு வாட்டர் பேப்பரால் பிடித்தால் நுனி சிறுத்துக்கொண்டே போகும். பருமல்களுக்கும் இதே முறை. நடுவில் தடிப்பு, இரு நுனிகளிலும் மெலிவு. பருமலுக்குரிய கப்பி, கண்ணி, கால்கயிறு எல்லாவற்றையும் மேசையிலேயே கட்டிவிட வேண்டும். கப்பலில் ஏற்றிய பிறகு விரல் நுழையாது.

மூன்று பாய்மரங்களும் நேராக நிற்பதில்லை. பின் பாய்மரம் மற்றவற்றைவிட அமரத்தின் பக்கம் கூடுதலாகச் சாயும். பக்கத்திலிருந்து பார்த்துச் சாய்வைச் சரிசெய்து, முன்னாலிருந்து பார்த்து மூன்றும் ஒரே கோட்டில் மறைகின்றனவா என்று சோதித்த பிறகே ஒட்ட வேண்டும்.

கயிறு

கயிற்று வேலைக்குப் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஒதுக்க வேண்டும். கிட்டில் வரும் நூல் பெரும்பாலும் ஒரே தடிமன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நான்கைந்து தடிமன்களில் நூல் சேர்க்க வேண்டும். கணக்கு எளிது. அக்காலக் கப்பல் கயிற்றின் அளவைச் சுற்றளவாகவே சொல்வார்கள். 10 அங்குலக் கயிறு என்றால் சுற்றளவு 254 மி.மீ.; 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 81 மி.மீ.; 150-ஆல் வகுத்தால் 0.54 மி.மீ. நூலின் தடிமனை அறிய, பென்சிலில் நெருக்கமாக 20 சுற்றுச் சுற்றி, அகலத்தை அளந்து 20-ஆல் வகுக்கலாம்.

எந்த நூல்? காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருப்பதால் பட்டிழை மீது ஆசை வருவது இயல்பு. பட்டும் பருத்தியும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீண்டும் சுருங்கியும் மாறும். சித்திரையில் இறுக்கிக் கட்டிய கப்பல் ஐப்பசி மழையில் வேறு கப்பலாக நிற்கும். நைலானும் ஈரத்தில் நெகிழும். பாலியஸ்டர் தையல் நூலே இந்தத் தட்பவெப்பத்தில் நிலையானது. தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்துவிட்டால் பிசிறு படியும்.

பாய்மரத்தைப் பக்கங்களில் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட்களும், முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஸ்டேக்களும் தார் ஊறிய நிலையான கயிறுகள். அடர் பழுப்புக் கறுப்பு நூல். பாயையும் பருமலையும் இயக்கும் ஓடுகயிறுகள் வெளிர் மஞ்சள் பழுப்பு. இந்த நிற வேறுபாட்டைக் காட்டாத கப்பலில் கயிறுகள் வெறும் சிக்கலாகத் தெரியும்.

வரிசை இதுதான்: உள்ளிருந்து வெளியே, கீழிருந்து மேலே, நிலையான கயிறு முதலில், ஓடுகயிறு பிறகு. ஷ்ரவுட்டை வலப்பக்கம் ஒரு சோடி, இடப்பக்கம் ஒரு சோடி என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். உண்மைக் கப்பலிலும் அப்படித்தான். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்துவிடும். ஷ்ரவுட்டின் அடியில் மூன்று துளையுள்ள டெட்ஐ கட்டைகள் ஒன்றுபோல் ஒரே கோட்டில் நிற்க, இரண்டு கட்டைகளுக்கு நடுவே வளைத்த கம்பித் துண்டு ஒன்றை இடைவெளி அளவாக வைத்துக் கட்டலாம்.

ஷ்ரவுட்களின் குறுக்கே மாலுமி ஏறும் படிகள் ரேட்லைன்கள். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர், மாதிரியில் 2.3 மி.மீ. நடுப் பாய்மரத்தின் கீழ் ஷ்ரவுட் 12 சென்டிமீட்டர் உயரம் என்றால் 50 படி. எட்டு ஷ்ரவுட் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 400 முடிச்சு. இந்த எண்ணிக்கையைக் கண்டு சில கிட்டுகள் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வலையைத் தருகின்றன. அவை தூரத்திலிருந்துகூட மீன்வலை போலத்தான் தெரியும். பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. கோடு போட்ட அட்டையை ஷ்ரவுட்டுக்குப் பின்னால் செருகி, ஒவ்வொரு கயிற்றிலும் இரட்டைச் சுற்று முடிச்சுப் போட்டுக்கொண்டு போக வேண்டும். இரண்டு முனைகளிலும் முடிச்சு, நடுவில் நீர்த்த ஃபெவிகால் பொட்டு என்ற குறுக்கு வழியும் இந்த அளவில் ஏற்கத்தக்கதே. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. கண் களைத்தால் முடிச்சுகளின் இடைவெளி முதலில் குலையும்.

மிக மெல்லிய மேல் கயிறுகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ரன்னர் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி போன்ற இழை வரும். அதை இடத்தில் ஒட்டி, எரியும் ஊதுவத்தியின் நுனியை அருகே காட்டினால் இழை சுருங்கி விறைப்பாகிவிடும். தொடக் கூடாது, அருகே காட்டினால் போதும், தொட்டால் அறுந்துவிடும்.

பாயும் கொடியும்

கிட்டில் வரும் பாய்கள் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வளைவோடு எடுக்கப்பட்டவை. விளிம்பை இன்னும் மெலிதாகத் தேய்த்து, மங்கிய மஞ்சள் வெள்ளை பூசினால் பயன்படும். போருக்கு இறங்கிய கப்பல் எல்லாப் பாய்களையும் விரித்துப் போவதில்லை. கீழ்ப் பாய்களைச் சுருட்டிவிட்டு நடுப் பாய்களோடு போரிடுவார்கள். தளத்தில் பார்வையும் தெளிவாகும், நெருப்புப் பற்றும் ஆபத்தும் குறையும். அந்த நிலையைக் காட்ட, சுருட்டிய பாய்களை நனைத்த டிஷ்யூ தாளில் ஃபெவிகால் கலந்து செய்துகொள்ளலாம். பாயே இல்லாமல் கயிறும் பருமலும் மட்டும் காட்டும் மாதிரியும் முறையானதே. கயிற்று வேலையை முழுதாகக் காட்ட அதுவே சிறந்தது.

கொடியில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று காற்றின் திசை. பாய்கள் பின்காற்றில் முன்னோக்கிப் புடைத்திருக்க, அமரத்துக் கொடி பின்னோக்கிப் பறக்க முடியாது. அதுவும் பாயின் திசையிலேயே முன்னோக்கிச் சாய வேண்டும். மற்றொன்று காலம். 1782-இன் பிரெஞ்சுப் போர்க்கப்பலில் பறந்தது முழு வெள்ளைக் கொடி. மூவர்ணம் புரட்சிக்குப் பிறகு வந்தது. ஆங்கிலக் கொடியின் மூலையில் அயர்லாந்தின் சிவப்புச் சாய்சிலுவை 1801-இல்தான் சேர்ந்தது. ஆகவே ஹியூஸின் கப்பலைக் கட்டுபவர் கடையில் அச்சடித்து விற்கும் இன்றைய கொடியை ஒட்டக் கூடாது.

வைக்கும் இடம்

பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் அருகே இளகிவிடும். இழுவையில் இருக்கும் மெல்லிய துண்டு அதற்கு வெகு முன்பே வளையத் தொடங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ, மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரத்திலோ கப்பலை வைக்கக் கூடாது. கொண்டுபோகும்போது பாய்மரத்தைப் பிடித்துத் தூக்காமல், அடித்தாங்கியோடு பலகையில் திருகி வைத்திருப்பது அவசியம்.

கயிற்றில் படிந்த தூசியைத் துடைக்க முடியாது. மென்தூரிகையால் தட்டி எடுக்கத்தான் முடியும், அப்போதும் சில முடிச்சுகள் அவிழும். கப்பலை முடிப்பதற்கு முன்பே கண்ணாடிப் பெட்டிக்கு அளவு கொடுத்துவிட வேண்டும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் கப்பலைவிட 5 சென்டிமீட்டர் கூடுதலாகவும், அடிப்பலகையில் இரண்டு சிறு காற்றுத் துளைகளோடும் அமைத்தால் மழைக்கால ஈரம் உள்ளே தேங்காது. பெட்டிக்குள் இப்படி வைத்த கப்பலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைப்பதைத் தவிர வேறு பராமரிப்பு தேவையில்லை.